புறவாசல் தளமும் பத்து நாள் தண்ணீரும்

புறவாசலில் சாமான் போட்டுவைக்க ஒரு சின்ன அறை வேண்டும் என்றால், இன்று தரை ஒரே நாளில் தயார். காலையில் ஜல்லியும் எம்-சாண்டும் வந்து இறங்கும். மத்தியானத்துக்குள் கலவை மெஷின் தன் வேலையை முடித்துவிடும். சாயங்காலம் கொத்தனார் சம்பளத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். மறுநாளே இரும்புக் குழாய் நட்டுத் தகரம் போட ஆள் வந்து நிற்கும்.

இந்த வேகத்தைப் பார்க்கும்போது நம் வயதுக்காரர்களுக்கு ஒரு கேள்வி எழாமல் இருக்காது. பத்துக்கு எட்டு அடித் தளத்துக்கு நம் தாத்தா காலத்தில் ஏன் மூன்று வாரம், நான்கு வாரம் ஆயிற்று? அவர்களுக்கு வேலை ஓடவில்லையா? அல்லது நாம்தான் எதையாவது விட்டுவிட்டோமா? வரலாற்றைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்த்தால் விடை கிடைக்கிறது.

மண் தரையும் எலியும்

நம்ம பக்கத்து வீடுகளில் புறவாசல் கொட்டகையின் தரை முதலில் வெறும் மண்தான். செம்மண்ணோ கிராவலோ கொட்டி, தண்ணீர் தெளித்து, திமிசுக் கட்டையால் இடித்துக் கெட்டிப்படுத்தி, மேலே சாணி மெழுகுவார்கள். விறகும் எருவும் போட அது போதும். ஆனால் விதைநெல், பருத்திக்கொட்டை, உளுந்து, கருப்பட்டி என்று வைக்க ஆரம்பித்தால் மண் தரை தாங்காது. எலி கீழே வளை தோண்டும். கறையான் சாக்கின் அடியிலிருந்து ஏறும். ஐப்பசி கார்த்திகை மழையில் ஈரம் மேலே வந்து மூட்டையின் அடிப்பக்கம் பூத்துவிடும். ஒரு வருஷ விதையைக் கொட்டகைத் தரைக்குப் பறிகொடுத்த சம்சாரிகள் ஊருக்கு ஊர் உண்டு.

ஆக, கொட்டகைக்குக் கெட்டித் தரை போடுவது அந்தஸ்துக்காக வந்த பழக்கம் இல்லை. அடுத்த விதைப்பைக் காப்பாற்ற வந்த பழக்கம்.

சுண்ணாம்பு கேட்ட பொறுமை

வசதி இருந்தவர்கள் போட்டது செங்கல் ஜல்லித் தளம். செங்கல்லைச் சின்னச் சின்னத் துண்டாக உடைத்து, சுண்ணாம்புக் கலவையில் புரட்டி, பரப்பி, அடித்து இறுக்குவது. மெட்ராஸ் டெரஸ் என்று சொல்லும் மாடித் தளத்திலும் தேக்கு உத்திரக் கட்டைகளுக்கு மேல் செங்கல்லை நிறுத்தி அடுக்கி, அதற்கு மேல் போட்டது இதே செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புதான்.

சுண்ணாம்பு வந்த வழியைப் பாருங்கள். கடலோரத்தில் கிளிஞ்சலைச் சுட்டார்கள். பழவேற்காடு ஏரிக் கிளிஞ்சல் சென்னைக் கட்டடங்களுக்குப் போயிற்று. கரிசல் பக்கம் சுக்கான் கல். காளவாயில் கல்லும் கரியும் மாற்றி மாற்றி அடுக்கி, 900 டிகிரி சுமார் சூடு ஏறும்வரை எரித்தால் கல்லிலிருந்த கரியமில வாயு வெளியேறி நீற்றாத சுண்ணாம்பு கிடைக்கும். அதில் தண்ணீர் ஊற்றினால் கொதித்துப் பூத்து மாவாகும். அதை ஊறவைத்து, மணலோ செங்கல் தூளோ சேர்த்து, வட்டமான கல் தொட்டியில் மாடு பூட்டி உருட்டுக்கல்லால் அரைப்பார்கள். செங்கல் தூளுக்குச் சுர்க்கி என்று பெயர். சுர்க்கி சேர்ந்த கலவை ஈரத்திலும் இறுகும் என்பது அனுபவத்தில் கண்டது. எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடு சேர்த்து ரோமானியர்கள் கண்டதும் இதே குணத்தைத்தான். ரோம் நகரத்துப் பாந்தியன் கோவிலின் 43 மீட்டர் அகலக் குவிமாடம் கம்பியே இல்லாமல் 1,900 ஆண்டுகளாக நிற்கிறது.

கலவையில் கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லக் கரைசலும் சேர்ப்பார்கள். வெல்லம் கலவை இறுகுவதைத் தள்ளிப்போடும். அடிக்க நேரம் கிடைக்கும். இங்கே ஒரு எச்சரிக்கை. வெல்லம் சுண்ணாம்புக்கு நண்பன், சிமெண்டுக்கு எதிரி. கான்கிரீட்டில் ஒரு கைப்பிடி சர்க்கரை விழுந்தால்கூட இறுகுவது தாமதமாகும். அளவு கூடினால் இறுகாமலே போய்விடும். “பெரியவங்க வெல்லம் போட்டாங்களே” என்று யாராவது சிமெண்ட் கலவையில் போட நினைத்தால் தடுத்துவிடுங்கள்.

பரப்பிய பிறகுதான் உண்மையான வேலை. பெண்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து, கையில் மட்டை போன்ற கட்டையை வைத்துக்கொண்டு, தளத்தைத் தட்டிக்கொண்டே நகர்வார்கள். நடுநடுவே கடுக்காய்த் தண்ணீர் தெளிப்பார்கள். ஒருத்தி பாட்டெடுக்க, மற்றவர்கள் அந்தத் தாளத்துக்கு அடிப்பார்கள். கட்டை பட்ட தடம் விழாமல், அடி திரும்பிக் குதிக்கும்வரை நாள்கணக்கில் இது நடக்கும். பிறகும் அவசரப்பட முடியாது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உறிஞ்சித்தான் திரும்பவும் கல்லாகிறது. மேல்தோல் முதலில், உள்பக்கம் வெகுநாள் கழித்து. காளவாயில் இழந்ததைக் காற்றிலிருந்து திரும்ப வாங்கிக்கொள்கிறது என்று சொல்லலாம்.

இதை ஏதோ பழங்கால ஏமாளித்தனம் என்று நினைத்துவிடக் கூடாது. திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே தாமிரபரணியில் 1843இல் திறக்கப்பட்ட சுலோசன முதலியார் பாலத்தைக் கட்டியவர்கள் சிமெண்டை அறியாதவர்கள். சுண்ணாம்புக் காரையை நம்பித்தான் ஆற்றுக்குள் கால் ஊன்றினார்கள்.

தோட்டக்காரர் கண்ட கான்கிரீட்

சுண்ணாம்பிலிருந்து சிமெண்டுக்கு வந்த பாதையில் முதல் பெயர் ஜான் ஸ்மீட்டன். இங்கிலாந்தின் பிளிமத் அருகே கடலுக்குள் எடிஸ்டோன் பாறையில் கலங்கரை விளக்கம் கட்டும் பொறுப்பு அவருக்கு. 1756 முதல் 1759 வரை வேலை நடந்தது. அலை அடிக்கும் இடத்தில் எந்தச் சுண்ணாம்பு இறுகும் என்று பல கற்களைச் சுட்டுச் சோதித்தார். சுத்தமான வெள்ளைக் கல்லைவிட, களிமண் கலந்த கல்லின் சுண்ணாம்புதான் தண்ணீருக்குள்ளும் பிடிக்கிறது என்று கண்டார்.

நம் சுக்கான் கல்லும் அந்த ஜாதிதான். களிமண் கலந்து, அழுக்கு நிறத்தில், முண்டும் முடிச்சுமாக இருக்கும். வெள்ளையடிக்க உதவாது. ஆனால் கட்டுமானத்துக்கு அதுவே வாகு என்று நம் பக்கத்துக் கொத்தனார்கள் ஒதுக்கிவைத்திருந்தார்கள். ஸ்மீட்டனின் பெயர் அவர்களுக்குத் தெரியாது. கல்லின் குணம் தெரியும்.

1824இல் லீட்ஸ் நகரத்துக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின், சுண்ணாம்புக் கல்லையும் களிமண்ணையும் சேர்த்துச் சுட்டு அரைத்த தூளுக்குக் காப்புரிமை வாங்கினார். இறுகிய பிறகு போர்ட்லண்ட் தீவின் கட்டடக் கல்லைப் போல இருக்கிறது என்று போர்ட்லண்ட் சிமெண்ட் என்று பெயர் வைத்தார். இன்று மூட்டையில் அச்சடித்திருக்கும் அந்தப் பெயருக்கு இதுதான் காரணம். பிறகு வந்தவர்கள் சூட்டை இன்னும் கூட்டி, கல் உருகிக் கட்டியாகும் அளவுக்குச் சுட்டபோதுதான் இன்றைய சிமெண்டின் வலு வந்தது.

கான்கிரீட்டுக்குள் கம்பி வந்த கதை நம் தலைப்புக்கு இன்னும் நெருக்கமானது. பிரான்ஸில் ஜோசப் மோனியே என்று ஒரு தோட்டக்காரர். செடி வைக்கும் மரத் தொட்டிகள் மக்கிப்போகின்றன. மண் தொட்டிகள் உடைகின்றன. இரும்புக் கம்பி வலைமேல் சிமெண்ட் பூசித் தொட்டி செய்தார். 1867இல் காப்புரிமை பெற்றார். அணைக்கட்டும் அடுக்குமாடியும் நிற்கும் கம்பி கான்கிரீட்டின் முன்னோடிகளில் ஒருவர் தோட்டத்து வேலைக்காரர்தான்.

ஆலை பக்கத்தில், சிமெண்ட் தூரத்தில்

நம் நாட்டில் 1904இல் சென்னையில் கடற்சிப்பியைக் கொண்டு சிமெண்ட் செய்து பார்த்தார்கள். அது நிலைக்கவில்லை. 1914இல் குஜராத்தின் போர்பந்தரில் தொடங்கிய ஆலைதான் நிலைத்தது. தமிழ்நாட்டில் கோயம்புத்தூர் பக்கம் மதுக்கரை ஆலை 1934இல் வந்தது. திருச்சி ஜில்லா டால்மியாபுரம் 1939இல். 1949இல் நம் தாழையூத்து ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. அதை உருவாக்கிய சங்கரலிங்க ஐயர் பெயரால் அந்த இடமே சங்கர் நகர் ஆயிற்று. பின்னால் துலுக்கப்பட்டி, ஆலங்குளம் என்று சுற்றுவட்டாரத்திலேயே ஆலைகள் எழுந்தன. எத்தனை காளவாய்க்குக் கல் கொடுத்த பூமியோ அது, இப்போது ஆலைக்குக் கல் கொடுத்தது.

ஆனால் ஆலையின் புகை தெரியும் ஊரில் இருந்தவனுக்கும் சிமெண்ட் கிடைக்கவில்லை. போர்க்காலத்தில் தொடங்கிய கட்டுப்பாடு, 1966இல் கொஞ்ச காலம் தளர்ந்தது தவிர, நம் வாழ்நாளில் பெரும்பகுதிக்கு நீடித்தது. விலை அரசு வைத்தது, பங்கீடு அரசு செய்தது. அணை, பாலம், ஆலைக்குப் போனது போக மிச்சம்தான் நமக்கு. மனு எழுத வேண்டும். வரைபடம் காட்ட வேண்டும். எதற்கு, எத்தனை மூட்டை என்று விளக்க வேண்டும். “மாட்டுக் கொட்டகைக்கு எதுக்குய்யா சிமெண்ட்?” என்று கேட்ட அதிகாரி உண்டு. ஐந்து மூட்டை கேட்டால் மூன்றுக்குப் பெர்மிட் வரும். கடையில் போய் நின்றால் “ஸ்டாக் வரலை.” வரும்போது பாதி கட்டி தட்டியிருக்கும். அவசரக்காரர்கள் கள்ளச் சந்தையில் வாங்கினார்கள். 1982இன் தொடக்கத்தில், சிமெண்ட் ஒதுக்கீட்டில் நடந்த முறைகேடு பற்றிய வழக்கின் தீர்ப்பால் மகாராஷ்டிரத்தில் ஒரு முதலமைச்சரே பதவி விலக நேர்ந்தது என்றால் சிமெண்டின் மவுசைப் புரிந்துகொள்ளலாம். அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் மத்திய அரசு கட்டுப்பாட்டைப் பாதி தளர்த்தியது. ஒரு பங்கு லெவி விலைக்கு, மீதி வெளிச் சந்தைக்கு. 1989 மார்ச்சில் முழுவதும் எடுத்துவிட்டது.

அந்தப் பஞ்ச காலத்துக்கு ஒரு நல்ல பக்கமும் இருந்தது. பாடுபட்டு வாங்கிய சிமெண்ட் என்பதால் யாரும் அதை அலட்சியமாக விடவில்லை. தளம் போட்ட அன்று இரவே வீட்டில் அடுத்த பத்து நாளுக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்று முறை வைப்பார்கள். அப்போது சிமெண்ட் சணல் சாக்கில் வரும். காலிச் சாக்கை உதறி, நனைத்து, தளத்தின்மேல் விரித்துவிடுவார்கள். பொழுது விடிந்ததும் என் அம்மாவும் சித்தியும் தெருக்குழாயில் பிடித்த முதல் இரண்டு குடத்தை அந்தச் சாக்கின்மேல் ஊற்றிவிட்டுத்தான் அடுக்களைக்குத் தண்ணீர் எடுப்பார்கள். குடிக்கிற தண்ணீருக்கே திண்டாடிய ஊரில் நடந்தது இது.

காய்வது வேறு, பிடிப்பது வேறு

அந்தக் குடங்களுக்கு என்ன அவசியம்? இங்கேதான் நம் கேள்விக்கு விடை இருக்கிறது.

மண் தரை காயும். காய்ந்தால் கெட்டியாகும். அந்தப் பழக்கத்தில் கான்கிரீட்டையும் “காஞ்சிருச்சு” என்கிறோம். கான்கிரீட் காய்ந்து கெட்டியாவதில்லை. சிமெண்ட் தண்ணீரோடு வினைபுரிந்து நுண்ணிய படிகங்களாகி, மணலையும் ஜல்லியையும் கவ்விப் பிடிக்கிறது. கொத்தனார்கள் “பிடிக்குது” என்று சொல்வதுதான் சரியான வார்த்தை. தண்ணீர் இருக்கும்வரை பிடிப்பு தொடரும். முதல் வாரத்திலேயே ஈரம் வற்றிவிட்டால் வினை பாதியில் நின்றுவிடும். மேலே தட்டினால் கெட்டிதான். ஆனால் வரவேண்டிய வலு வந்திருக்காது. மேல்புறம் மாவாக உதிரும், வெடிப்பு ஓடும்.

நல்ல பராமரிப்பில் ஏழாம் நாள் வலு, இருபத்தெட்டாம் நாள் வலுவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இருக்கும். அதனால்தான் கான்கிரீட்டை 28 நாள் வைத்துச் சோதிக்கிறார்கள். கான்கிரீட் வேலைக்கான நம் நாட்டு விதித் தொகுப்பு ஐ.எஸ். 456 சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள் ஈரம் கேட்கிறது. வெயிலும் வறட்சியும் உள்ள இடத்தில் 10 நாள். இன்று நாம் பெரும்பாலும் வாங்குவது அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்ட். அது மெதுவாகப் பிடிக்கும் ஜாதி. வெயில் காலத்தில் 14 நாள் வேண்டும். நம்ம பக்கத்துச் சித்திரை வெயிலுக்கு யோசிக்கவே வேண்டாம்.

இதற்கு நேர் எதிர் தவறு, கலக்கும்போதே தண்ணீரை அள்ளி ஊற்றுவது. 1918இல் அமெரிக்காவின் சிகாகோவில் டஃப் ஆப்ராம்ஸ் என்ற ஆய்வாளர் ஏராளமான கான்கிரீட் மாதிரிகளை உடைத்துப் பார்த்து ஒரு விதி சொன்னார்: கலவையில் சிமெண்டுக்கு எவ்வளவு தண்ணீர் என்ற விகிதம்தான் வலுவைத் தீர்மானிக்கிறது, தண்ணீர் கூடக்கூட வலு குறையும். அதிகப்படித் தண்ணீர் பின்னால் ஆவியாகிப் போகும். அது இருந்த இடமெல்லாம் ஓட்டை. ஒரு மூட்டை சிமெண்டுக்கு 25 லிட்டரை ஒட்டி இருந்தால் நல்லது. 30ஐத் தாண்டவே கூடாது. ஈர மணலாக இருந்தால் இன்னும் குறைக்க வேண்டும். கலவை சாம்பார் மாதிரி ஓடினால் தள்ளிவிட எளிது, ஆயுளுக்குக் கேடு. ஆக, கலக்கும்போது தண்ணீரில் கஞ்சத்தனம், இறுகிய பிறகு தாராளம். இன்று பல இடங்களில் நடப்பது தலைகீழ்.

பத்துக்கு எட்டு அடித் தளம்

கணக்காகச் சொன்னால் சிலருக்கு உதவும். பத்துக்கு எட்டு அடி, நான்கு அங்குலக் கனம் என்றால் ஏறக்குறைய 27 கன அடி கான்கிரீட். 1:2:4 கலவைக்குச் சிமெண்ட் 5 மூட்டை, மணல் 12 கன அடி, முக்கால் அங்குல ஜல்லி 25 கன அடி. இறுகிய தளத்தின் எடை ஏறத்தாழ 1,800 கிலோ.

இத்தனை எடையை எதன்மேல் வைக்கிறோம் என்பதுதான் அடுத்தது. நம் கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கிக் கை நுழையும் அளவு வெடிக்கும். அதன்மேல் நேராகப் போட்ட தளத்தை மண் வருஷத்துக்கு ஒருமுறை தூக்கி இறக்கும். எவ்வளவு நல்ல கான்கிரீட்டும் நடுவில் பிளக்கும். அதனால் கரிசலை ஒன்று ஒன்றரை அடியாவது வெட்டி எடுத்துவிட்டு, கிராவலை ஆறு ஆறு அங்குலமாகக் கொட்டி, தண்ணீர் விட்டு இடிக்க வேண்டும். தளத்தின் ஓரத்தைத் தாண்டி வெளியேயும் ஓரடி இதைச் செய்வது நல்லது. கூரைத் தண்ணீர் அடிமண்ணில் இறங்காமல் தள்ளி விழவேண்டும். கிராவலுக்கு மேல் கெட்டியான பாலித்தீன் தாள் விரித்தால், மண் கான்கிரீட்டின் ஈரத்தை உறிஞ்சாது. பின்னால் நிலத்தின் ஈரமும் மூட்டைக்கு ஏறாது. தளம் சுற்றுத் தரையைவிட அரையடியாவது உயரமாக, வாசல் பக்கம் லேசான வாட்டத்தோடு இருக்கட்டும். ரசமட்டம் வைத்துப் பார்க்கும்போது வாட்டத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

மேல்புறம் விரல் பதியாத அளவு இறுகியதும் ஈரச் சாக்கைப் போர்த்துங்கள். மறுநாள் ஓரத்தில் களிமண் வரப்பு கட்டி, பாத்தி மாதிரித் தண்ணீர் நிறுத்தலாம். ஒரு அங்குலம் நின்றால் போதும். தண்ணீர்த் தட்டுப்பாடு உள்ள இடத்தில் ஈரச் சாக்கின்மேல் பாலித்தீன் தாள் மூடினால் பாதித் தண்ணீர் மிச்சமாகும். சணல் சாக்கு போய்ப் பிளாஸ்டிக் சாக்கு வந்ததில் இந்தப் பழக்கமும் கூடவே போய்விட்டது. பழைய அரிசிச் சாக்கு, வைக்கோல், கிழிந்த போர்வை எதுவானாலும் சரி, ஈரம் தங்க வேண்டும், அவ்வளவுதான். கம்பம் நட வருகிறவரை ஒரு வாரம் கழித்து வரச் சொல்லுங்கள். கனமான மூட்டைகளை ஒரு மாதம் கழித்து ஏற்றுங்கள்.

முதலில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். தாத்தா காலத்துத் தளத்துக்கு ஒரு மாதம் ஆனது, பொருள் அவ்வளவு நேரம் கேட்டதால். சிமெண்ட் வந்து கைவேலையை ஒரு நாளாகச் சுருக்கிவிட்டது. நாள்கணக்கில் குந்தியிருந்து கட்டை அடித்த பெண்களின் இடுப்புவலியைப் போக்கியதற்கு அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் பொருள் இறுகும் நேரத்தை அது ஒரேயடியாகச் சுருக்கவில்லை. மாதம் இன்றும் மாதம்தான். வேலை கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே நடக்கிறது, அதனால் முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம்.

கடைசியாக ஒன்று. உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ பழைய சுண்ணாம்புத் தளம் இருந்து, இடிக்கப் போகிறீர்கள் என்றால், அதற்கு முன் கடப்பாரையால் ஒரு மூலையை மட்டும் பெயர்த்துப் பாருங்கள். செங்கல் ஜல்லி எவ்வளவு பெரிது, சுர்க்கி கலந்திருக்கிறதா, எத்தனை அங்குலக் கனம் என்று குறித்துவையுங்கள். அந்தத் தளத்தைத் தட்டிய பாட்டிகளில் யாராவது இன்னும் இருந்தால், உட்கார வைத்து அந்தப் பாட்டில் நாலு வரி கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தளத்தை வேண்டுமானால் திரும்பப் போட்டுவிடலாம். பாட்டு தெரிந்தவர்கள் நம் ஊரில் இப்போதே விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கிறார்கள்.